பால் மறந்த குட்டியும் களத்துக் கழிவும்

(தாம்பரத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் செய்த உபந்நியாசம்)

   

இன்று மாலை எனக்கு இடப்பட்ட விஷயம் மிகவும் எளியது. பால் மறந்த செம்மறிக் குட்டிக்கு, மேய்ச்சல் காய்ந்த மாதங்களில் எதைத் தின்னக் கொடுப்பது என்பதே அது. இதற்கும் ஒரு உபந்நியாசம் வேண்டுமோவென்று பின் வரிசையிலுள்ள வாலிபர்கள் தமக்குள் நகைப்பதை நான் காண்கிறேன். அவர்களைக் குறை கூறேன். பட்டியை விட்டுப் பள்ளிக்கூடம் சென்றதனாலேயே நம்மவர் பலர் முன்னுக்கு வந்தனர். என் மக்களும் அவ்வாறே சென்றனர். எனினும், படப்பை, மணிமங்கலம், மாம்பாக்கம், திருப்போரூர், உத்திரமேரூர் முதலிய இடங்களிலிருந்து இச்சபைக்கு வந்திருக்கும் குடும்பங்களுள் இருபது உருப்படியும் முப்பது உருப்படியும் வைத்துக்கொண்டு ஜீவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலார் வயது முதிர்ந்தவர்களும் கைம்பெண்களுமே. அவர்கள் பொருட்டே இன்று பேசத் துணிந்தேன்.

முதலில் நம் நிலைமையை ஒளிக்காமற் சொல்லிக்கொள்வோம். 1985-ம் வருஷத்தில் வண்டலூரில் மிருகக்காட்சிசாலை திறக்கப்படுமுன், தாம்பரத்திலிருந்து தெற்கே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால் மேய்க்கால் புறம்போக்கும், ஏரிக்கரையும், அறுத்த வயலும் மாறி மாறி வந்துகொண்டேயிருக்கும். இன்று நிலைமை வேறு. 2021-ம் வருஷத்தில் தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று. 2023-ம் வருஷத்து டிஸம்பர் மாதக் கடைசியில் கிளாம்பாக்கத்திற் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. கல் நட்ட மனைகள் வயல்களின் மேல் ஏறி நிற்கின்றன. நகரம் வளருவதை யாரும் தடுக்கவியலாது, தடுக்க வேண்டுவதுமில்லை. அந்த நகரத்திலேதான் நம் பிள்ளைகள் உத்தியோகம் பார்க்கிறார்கள். ஆனால், மேய்ச்சலை மட்டும் நம்பி ஆடு வளர்க்கும் முறைக்கு இப்பக்கத்தில் இனி இடமில்லை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

நம் பக்கத்துச் செம்மறிக்கு ‘மெட்ராஸ் சிவப்பு’ என்று பெயர். செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர் ஜில்லாக்களே அதன் தாயகம். கம்பளி மயிர் இல்லாதது; மாமிசத்திற்கென்றே வளர்க்கப்படுவது; வெயிலைத் தாங்கும்; அரை வயிற்றிற்கும் உயிர் வைத்துக்கொண்டிருக்கும். முதிர்ந்த கிடா சுமார் 35 கிலோவும், பெட்டை சுமார் 23 கிலோவும் நிறுக்கும். பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குச் சற்று மேற்பட்ட குட்டி, மூன்று மாதத்திற் பால் மறக்கும்போது சுமார் 10 கிலோ இருக்கும். குரோம்பேட்டையின் பெயரைத் தினமும் உச்சரிக்கிறோம். அது குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் வந்த பெயர். இந்தப் புறநகர்களின் பழைய ஐசுவரியத்தில் ஆட்டிற்கும் ஒரு பங்கு உண்டென்பதற்கு அப்பெயரே சாக்ஷி.

இனி, நாம் எங்கே நஷ்டப்படுகிறோம் என்று பார்ப்போம். என் சிற்றன்னை ஒருவர் பதினெட்டு உருப்படி வைத்திருந்தார். கார்த்திகையிலும் மார்கழியிலும் ஈன்ற குட்டிகள் பங்குனியிற் பால் மறக்கும். அப்போது ஏரியில் நீரும் இராது, தரையிற் புல்லும் இராது. குட்டி நாளுக்கு நாள் வாடும். வாடுவதைக் காணப் பொறாமலும், செத்துவிடுமோவென்று அஞ்சியும், முதல் வியாபாரி கேட்ட விலைக்கே தள்ளிவிடுவார். வியாபாரி அதைக் கொண்டுபோய் நாலு மாதம் தீனி போட்டு, பன்மடங்கு விலைக்கு விற்பான். பக்ரீத் பண்டிகைக்கு வாங்குவோர் ஓராண்டு நிரம்பிய, ஊனமற்ற கிடாவையே நாடுவர். அந்த விலை குட்டியைப் பெற்று வளர்த்தவளுக்குக் கிட்டுவதில்லை. இடையில் நின்றவனுக்கே கிட்டுகிறது. பதினைந்து வருஷம் இவ்வாறே விற்று வந்த அவர், முடிவிற் பட்டியைக் கலைத்துவிட்டு ஒரு அடுக்குமாடி வீட்டிற் பாத்திரம் துலக்கப் போனார். அவர் சோம்பேறியல்லர். பால் மறந்த குட்டியை மூன்று மாதம் காப்பாற்றும் வகை அவருக்குத் தெரியவில்லை. தெரிந்துவைத்திருந்த நாமும் சொல்லவில்லை.

அந்த வகை யாதெனில், நம் களத்துக் கழிவேயாம். சற்று யோசித்துப் பாருங்கள். சம்பா நெல் தையிலும் மாசியிலும் அறுவடையாகிறது. அப்போது வைக்கோலும் தவிடும் வருகின்றன. அந்த வயலில் ஈரத்தைக்கொண்டு விதைத்த உளுந்து பங்குனி, சித்திரையில் வருகிறது. அதன் பொட்டும் தோலும் கிடைக்கின்றன. இறவையில் மார்கழி, தையில் விதைத்த மணிலாக்கொட்டையும் அக்காலத்திலேயே பிடுங்கப்படுகிறது. அதன் கொடி வரப்பிலே குவிகிறது. மேய்ச்சல் ஒழியும் மாதமும், குட்டி பால் மறக்கும் மாதமும், கழிவு மலிந்து கிடக்கும் மாதமும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. அந்த மாதத்தில் நாம் குட்டியை விற்கிறோம். குடியானவரோ கொடியையும் சருகையும் கொளுத்துகிறார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் எழுந்த யோசனையன்று. மேற்கு ஆசியாவின் வறண்ட பிரதேசங்களில் அவாசி என்னும் செம்மறியை வளர்ப்போருக்கு, மேய்ச்சல் குறைந்து வாற்கோதுமையும் விலை ஏறியபோது இதே கவலை உண்டாயிற்று. 1977-ம் வருஷத்தில் ஏற்பட்டு, சிரியா தேசத்து அலெப்போ நகரத்தின் அருகே நெடுங்காலம் நடந்து, யுத்தத்தினால் 2012-ம் வருஷத்தில் அவ்விடம் விட்டுப் பெயர்ந்த வறண்ட நிலச் சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையத்தார், கோதுமை வைக்கோல், தவிடு, பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு, கரும்பு வெல்லப்பாகு, ஒலிவக் காய்ச் சக்கை முதலிய மலிவான பொருள்களைக்கொண்டு குட்டியைக் கொழுக்க வைப்பதை ஆராய்ந்தனர். நம் தேசத்தில் ராஜஸ்தானத்து அவிகாநகரில் 1962-ம் வருஷத்தில் ஏற்பட்ட மத்திய செம்மறி ஆராய்ச்சி நிலையமும் இவ்விஷயத்திற் சிரத்தை கொண்டது. அவர்கள் பொருள் வேறு. நம் பொருள் வேறு. அந்தந்த ஊரிற் கிடைக்கும் மிச்சத்தை அறிந்து கலந்து கொடு என்பதே எங்கும் பொதுவான விதி.

கலந்து கொடு என்று சொல்வதன் காரணத்தை விளக்குகிறேன். ஆட்டின் முதல் வயிறு ஒரு பெரிய மொடாவைப் போன்றது. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருந்து நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. ஆட்டிற்குத் தீனி போடுவதென்பது முதலில் அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனி போடுவதே. அவைகளுக்கு நாரும் வேண்டும், மாவும் வேண்டும், புரதமும் வேண்டும், உப்பும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லாவிடில் வேலை நடவாது. வைக்கோலில் நூற்றுக்கு மூன்று அல்லது நாலு பங்குதான் புரதம். வைக்கோலை மட்டும் தின்னும் குட்டி வயிறு நிரம்பியும் மெலியும். மணிலாக் கொடியிற் சுமார் பத்துப் பங்கு உண்டு. சுண்ணாம்புச் சத்தும் உண்டு. கடலைப் பிண்ணாக்கில் நாற்பது பங்குக்கு மேலுண்டு. ஆனால் அது விலையுயர்ந்தது. தவிட்டிலும் பொட்டிலும் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குவரை உண்டு. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கும்படி சேர்ப்பதிலேதான் சாமர்த்தியம் இருக்கிறது.

மணிலாக் கொடியே நம் பக்கத்தின் முதல் பொக்கிஷம். காயைப் பறித்தவுடன் மண்ணை நன்றாக உதறி, இலை உதிராதபடி மிதமாக உலர்த்தி, தரையில் வைக்காமற் பரண்மேற் போராக அடுக்கி, மழை படாமல் மூடவேண்டும். இலையிலேதான் சத்து, காய்ந்து நொறுங்கிய கொடியில் குச்சி மாத்திரம் மிஞ்சும். மழையில் நனைந்து கறுத்த கொடியை ஆட்டிற்குப் போடலாகாது. நன்றாக உள்ள கொடியைச் சாண் அளவுக்கும் குறைவாக நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும்.

வைக்கோல் ஒன்றே கிடைக்கும் வீட்டார் அதற்கு யூரியா பக்குவம் செய்யலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 60 லிட்டர் நீரிற் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, 21 நாள் வைத்திருந்து, திறந்தபின் வாடை போக ஆறவிட்டுக் கொடுக்க வேண்டும். அளவு மீறினால் அதுவே விஷம். யூரியா கரைத்த நீரை ஆடு நாவால் தொடவும் விடலாகாது. மூன்று மாதத்துக் குட்டிக்கு இதனைத் தராமல், ஆறு மாதத்திற்கு மேற்பட்ட ஆட்டிற்கே தருதல் நலம்.

ஏரி உள்வாயெல்லாம் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தானை நாம் வைகிறோம், வையத் தக்கதே. ஆயினும் அதன் முற்றிய நெற்று இனிப்பானது, நல்ல தீனி. அதை உலர்த்தி இடித்துப் பொடி செய்தே கொடுக்கவேண்டும். முழுதாகத் தின்றால் விதை செரியாமற் புழுக்கையோடு விழுந்து, கிடை கட்டிய வயலெல்லாம் முளைக்கும். கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் சேர்ப்பது போதும்.

இனி 100 கிலோ கலவைத் தீவனத்திற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளலாம். கம்பு, சோளம், மக்காச்சோளம் இவற்றுள் மலிவானதன் நொய் 35 கிலோ, கடலைப் பிண்ணாக்கு 20, தவிடு 24, உளுந்துப் பொட்டு அல்லது துவரம் பொட்டு 17, தாது உப்புக் கலவை 2, சுண்ணாம்புக்கல் தூள் 1, சோற்றுப்பு 1. இதில் நூற்றுக்குச் சுமார் 17 பங்கு புரதம் அமையும். பால் மறந்த குட்டிக்கு முதல் வாரம் நாளொன்றுக்கு 50 கிராமிற் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்தி, 300 கிராம் வரை கொண்டுவரலாம். அதோடு மணிலாக் கொடியும், கிடைத்தால் அகத்தி, வேலிமசால் முதலிய பசுந்தழையும், நல்ல நீரும் வேண்டும். காலையும் மாலையும் வெயில் தணிந்த வேளையிற் சிறிது மேயவும் விடலாம். சுண்ணாம்புத் தூள் எதற்கென்று கேட்பீர்கள். தவிட்டில் மணிச்சத்து மிகுதி; அதற்கு ஈடாகச் சுண்ணாம்புச் சத்து இல்லாவிடில் கிடாக்குட்டிக்கு மூத்திரத்திற் கல்லடைத்து, முக்கி முக்கி மாளும். ஒரு கிலோ தூளைச் சேர்ப்பதால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும்.

சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும் என்றேன். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. மூன்று குட்டிகளைப் பறிகொடுத்துக் கற்றேன். பல வருஷங்களுக்கு முன் எங்கள் உறவிற் கலியாணம் ஒன்று நடந்தது. பந்தி முடிந்து ஒரு பெரிய அண்டா நிறையச் சோறு மிஞ்சிற்று. வீணாகிறதேயென்று இரக்கப்பட்டு, நானே வண்டி வைத்து வீட்டிற்குக் கொண்டுவந்தேன். கொழுத்த கிடாக்குட்டிகள் ஏழிற்கும் தொட்டியில் வயிறு முட்டப் போட்டேன். அவைகள் தின்ற ஆவலைக் கண்டு மனம் குளிர்ந்தேன். மறுநாட் காலையில் மூன்று குட்டிகள் எழவில்லை. வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் மாண்டன. வைத்தியர் வந்து வயிற்றை அறுத்துக் காட்டினார். புளித்த கஞ்சியின் வாடை வீசிற்று. மாவுப் பொருள் திடீரென்று மிகுந்ததால் அமிலம் பெருகி, வயிற்றில் வேலை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்று, பின்பு குட்டியையும் கொன்றது என்றார். என் தாயார் வாசலில் நின்றபடி, “மேயுற வாய்க்கு விருந்து வெச்சியேடா” என்று ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவே. கலியாண மண்டபங்கள் மலிந்த இப்புறநகர்களில் இந்தத் தவறு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. மிஞ்சிய சோற்றை ஆட்டிற்கு அண்டாவோடு கொடுப்பது தருமமாகாது.

இதனோடு சேர்ந்த வேறு சில எச்சரிக்கைகளும் உள. தீனி செழித்த குட்டிக்குத் துள்ளுமாரி நோய் எளிதில் வரும். நேற்று துள்ளிய குட்டி இன்று கிடந்து மாளும். அதற்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசியை முன்னதாகவே கால்நடை மருந்தகத்திற் போட்டுக்கொள்ள வேண்டும். குடற்புழுவை நீக்காமல் தீனி போடுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதேயாம். பிண்ணாக்கிற் பூஞ்சணம் இருந்தால் அதைத் தொடவே கூடாது. 1960-ம் வருஷத்தில் இங்கிலாந்து தேசத்தில் ஒரு லக்ஷத்திற்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் மாண்டன; பிரேசில் தேசத்திலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கிற் படர்ந்த பூஞ்சணத்தின் விஷமே காரணமென்று பின்னர் விளங்கிற்று. மலிவாகக் கிடைக்கிறதென்று பூத்த பிண்ணாக்கை வாங்குவோர் இதனை நினைக்கவும். கடைத்தெருவிற் கொட்டும் காய்கறிக் கழிவையும் பொறுக்கிப் பார்த்தே போடவேண்டும். அதிற் பின்னிக் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறும் பையும் ஆட்டின் வயிற்றிற் புகுந்தால் வெளிவருவதில்லை.

இத்தனை பாடுபட்டால் லாபமுண்டோ என்பது நியாயமான கேள்வி. கணக்கிற்காக இவ்வாறு வைத்துக்கொள்வோம். 10 கிலோ எடையுள்ள பத்துக் குட்டிகள். கோடையில் மேய்ச்சலை மட்டும் நம்பினால் ஒரு குட்டி 90 நாளில் 3 கிலோ ஏறுவதும் அருமை. நல்ல கொடியும் கலவைத் தீவனமும் கொடுத்தால் நாளொன்றுக்கு 90 கிராம் வீதம் சுமார் 8 கிலோ ஏறும். வித்தியாசம் குட்டிக்கு 5 கிலோ; பத்துக் குட்டிக்கு 50 கிலோ. சராசரி 250 கிராம் வீதம் செலவான கலவை 225 கிலோ. ஆகவே, ஒரு கிலோ உயிரெடை அதிகமாவதற்கு நாலரைக் கிலோ கலவை செலவாகிறது. விலைவாசி மாறும், இந்த விகிதம் அவ்வளவாக மாறாது. உங்கள் ஊர்ச் சந்தையில் ஒரு கிலோ உயிரெடை விற்கும் விலையையும், நாலரைக் கிலோ தீவனம் அடங்கும் விலையையும் பக்கத்திற் பக்கம் எழுதுங்கள். கொடிக்கும் மருந்துக்கும் கூலிக்கும், ஒரு குட்டி தவறினால் வரும் நஷ்டத்திற்கும் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் வளருங்கள், இல்லையேல் விற்றுவிடுங்கள். ஆனால், நிறுக்காமலும் கணக்குப் போடாமலும் வியாபாரியின் கைப்பிடிக் கணக்கிற்கு விட்டுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

இவற்றை நேரிற் காண நாம் தூர தேசம் போக வேண்டுவதில்லை. நம் சென்னையிலேயே 1903-ம் வருஷத்திற் கால்நடை வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 1989-ம் வருஷத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உதயமாயிற்று. அதன் ஆராய்ச்சி நிலையம், கூடுவாஞ்சேரியைக் கடந்து பொத்தேரிக்கு அருகே, காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது. பூந்தமல்லிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம் வேறு, மயங்க வேண்டாம். நம் மெட்ராஸ் சிவப்புச் செம்மறியைக் கிராமத்துப் பட்டிகளிலேயே அபிவிருத்தி செய்யும் வேலையும் அந்நிலையத்தைச் சேர்ந்தது. அங்கேயுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திற் பயிற்சியும் உண்டு. தாம்பரத்தில் ரயிலேறினால் அரை மணிக்குச் சற்று முன்பின்னாகச் சென்றுவிடலாம். இவ்வளவு சமீபத்தில் இருந்தும், நம் சங்கத்தாருள் அதன் வாசற்படியை மிதித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

ஆதலால் மூன்று காரியங்களை இச்சபையின் ஆலோசனைக்கு வைக்கிறேன். முதலாவது, வருகிற பங்குனி, சித்திரையில் மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்து மணிலாக் கொடியைச் சங்கத்தின் பேரால் மொத்தமாக வாங்கி, ஒரு பொதுக் கொட்டகையிற் போர் போட்டு, பட்டி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அசல் விலைக்கே கொடுப்பது. நம் முன்னோர் குடியானவர் வயலிற் கிடை கட்டி எருக் கொடுத்துத் தானியம் பெற்றனர். இன்று எருவைக் கொடுத்துக் கொடியைப் பெறலாம், இருவருக்கும் லாபம். இரண்டாவது, ஊருக்கொரு தராசு. குட்டியை நிறுத்துப் பார்க்கும் வீட்டாரை வியாபாரி எளிதில் ஏமாற்ற மாட்டான். மூன்றாவது, வருஷத்துக்கு ஒருமுறையேனும் பட்டி வைத்திருக்கும் பெண்மக்களைக் காட்டுப்பாக்கத்திற்கு அழைத்துச் செல்வது. இம்மூன்றிற்கும் ஆகும் செலவு நம் ஆண்டு விழாப் பந்தற் செலவுக்கு மேற்படாதென்று தோன்றுகிறது.

வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் மறுபடியும் கோல் எடுத்து ஆட்டின் பின் நடக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. உங்கள் பாட்டிமாருக்குக் கணக்கு எழுதிக் கொடுங்கள். தீவனத்தை நிறுத்துக் கொடுங்கள். தடுப்பூசிக்கு நாள் குறித்து வையுங்கள். உங்களைப் படிக்க வைத்த சம்பளப் பணத்தில் ஆடு விற்ற பணமும் கலந்திருந்தது. அன்று மெலிந்த குட்டியை விற்றே அவ்வளவும் செய்தார்கள்.

என் சிற்றன்னையார் இன்று இச்சபையில் முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். போன மாசியில் அவருக்கு நாலு பெட்டைக் குட்டிகள் வாங்கிக் கொடுத்தோம். பின்கட்டிற் பரண்மேல் ஒரு வண்டி மணிலாக் கொடி இருக்கிறது. வியாபாரி இரண்டு முறை வந்து போய்விட்டான். “இன்னும் நிறுக்கலே, நிறுத்துட்டுச் சொல்றேன்” என்று அவர் பதில் சொல்லியனுப்பினாராம்.